லங்காஸ்டரைப் பார்க்க வானம் போதாது

மே மாதம் 16, 17 தேதிகளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்க்கவே போகிறார்கள். 1943-ல் அந்த இரவில்தான் ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மன் அணைகளை உடைக்கக் கிளம்பின. ஆனால் நினைவுநாளில் அந்த விமானம் தலைக்கு மேல் கடப்பது அரை நிமிடம்கூட இல்லை. காற்று பலமாக இருந்தால் அதுவும் ரத்து. கட்டியவை 7,377. இன்று பறப்பதற்காகப் பராமரிக்கப்படுபவை இரண்டே: ஒன்று இங்கே கானிங்ஸ்பியில், மற்றது கனடாவின் ஹாமில்டனில். (கானிங்ஸ்பி போனால் மாதா கோவில் கடிகாரத்தையும் பாருங்கள், அதற்கு ஒரே ஒரு முள்தான்.)

லங்காஸ்டரை அறிய ஈஸ்ட் கிர்க்பி விமான அருங்காட்சியகம்தான் சரியான இடம், கானிங்ஸ்பியிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள். போரில் அண்ணனைப் பறிகொடுத்த பாண்டன் சகோதரர்கள் வாங்கிவைத்த 'ஜஸ்ட் ஜேன்' என்ற லங்காஸ்டர் அங்கே பறக்காது, ஆனால் நான்கு மெர்லின் இன்ஜின்களும் முழங்க ஓடுபாதையில் ஓடும். தினமும் ஓடாது, தேதி பார்த்துக் கிளம்புங்கள். ஏறிப் பயணிக்கத் தனியாக முன்பதிவு வேண்டும்.

கிளப்பும்போது எரிபொருள் கொஞ்சம் கூடிப்போனால் புகைபோக்கிக் குழாய்களில் தீ எட்டிப்பார்க்கும், பயப்பட வேண்டாம். வால் சக்கரத்தை விமானி திருப்ப முடியாது. வெளி இன்ஜின்களில் ஒன்றை முடுக்கியும் பிரேக்கைத் தட்டியும்தான் திரும்ப வேண்டும். தரையில் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காமல் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் சீக்கிரம் சூடேறும், அதனால்தான் ஓட்டம் குறுகியது.

உள்ளே நுழைந்தால் இறக்கைகளைத் தாங்கும் குறுக்கு உத்தரம் வழியை மறிக்கும். இருட்டில், தடித்த உடுப்போடு அதை ஏறித் தாண்ட வேண்டும். வாலில் உள்ள சுழலும் துப்பாக்கிக் கூண்டு இன்னும் மோசம்: துப்பாக்கிக்காரருக்குப் பாராசூட் வைக்க இடமில்லை, அது கதவுக்குப் பின்னால் தொங்கும். தப்பிக்க வேண்டுமென்றால் கூண்டை நேராக்கி, கதவைத் திறந்து, பாராசூட்டை எடுத்து மாட்டி, மறுபடி கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக விழ வேண்டும். எரியும் விமானத்தில் இத்தனையும்!

அணைத் தாக்குதலில் உயரம்தான் பிரச்சினை. நிமிடத்துக்கு 500 முறை பின்னோக்கிச் சுழலும் 4 டன் குண்டை நீரிலிருந்து 18 மீட்டரில் போட வேண்டும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி அவ்வளவு தாழ்வில் நம்பத்தக்கதல்ல. அதனால் விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரு ஒளிவட்டங்களும் நீர்மேல் தொட்டுக்கொண்டால் உயரம் சரி. ஒரு விமானம் வழியிலேயே கடலைத் தொட்டுக் குண்டை இழந்தது. 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தனர். வெள்ளத்தில் மாண்டவர்கள் 1,300-க்கும் மேல், பலர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டார். விழாக்களில் இந்த எண்ணிக்கை மெதுவாகவே சொல்லப்படுகிறது.

கடைசியாக லிங்கன் நகரின் கேன்விக் குன்று, பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் நினைவிடம். துருநிற எஃகுத் தூண் 31 மீட்டர், அதாவது லங்காஸ்டரின் இறக்கை அகலம். சுற்றுச்சுவர்களில் போரில் உயிரிழந்த அந்தப் படையினரின் ஏறக்குறைய 58,000 பெயர்கள். ஊழியரிடம் பெயரைச் சொன்னால் எந்தச் சுவர் என்று காட்டுவார்கள்.