கப்சாயிலிருந்து கிளட்ச் மோட்டாருக்கு: வீணாய்ப் போன மூன்று வாரம்

பதினோரு வருடம் ஹோண்டா இஎக்ஸ்5 ஓட்டினேன். மலேசியாவில் கப்சாய் என்று சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள் அது. அதில் கைக்குக் கிளட்ச் கிடையாது, பெடலை மிதித்தால் போதும். போன வருடக் கடைசியில் கைக் கிளட்ச் உள்ள பழைய யமஹா ஒய்15 ஒன்று வாங்கினேன். என் பி2 மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் 250 சிசி வரை செல்லும். பெயர் மாற்றம், காப்புறுதி எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. ஓட்டுவதுதான் முடியவில்லை.

கப்சாயில் பெடலின் முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும். ஒய்15-இல் மிதித்தால் இறங்கும், தூக்கினால்தான் ஏறும். பினாங்கு ஜெலுத்தோங்கில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போவதாக நினைத்து மிதித்துவிட்டேன். இரண்டாவதில் விழுந்து எஞ்சின் அலறியது, பின்சக்கரம் இழுத்துப் பிடித்தது. பின்னால் லாரி. இப்படி மாறுகிறவர்கள் முதல் வாரம் ‘தூக்கு, மிதி’ என்று வாய்விட்டுச் சொல்லியே கியர் போடுங்கள். எனக்கு அதுதான் உதவியது.

அடுத்த தொல்லை சிக்னலில். கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் மோட்டார் முன்னே ஊர்ந்தது, நியூட்ரல் விழவில்லை, அடிக்கடி அணைந்தது. வாங்கிய கடைக்காரரிடம் கேட்டேன். “கப்சாய் ஓட்டின கை தம்பி, போகப் போகப் பழகிடும்” என்று அனுப்பிவிட்டார். மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதை நம்பி மூன்று வாரம் என் கையையே நொந்துகொண்டேன்.

கடைசியில் மாமா மகன் வந்து கிளட்ச் லீவரை ஒருமுறை இழுத்தான். “மச்சான், பாதி தூரம் சும்மாதானே வருது!” லீவர் நுனி ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாக ஆடலாம். என்னுடையது மூன்றுக்கு மேல் ஆடியது. கேபிள் அவ்வளவு தளர்ந்தால் கிளட்ச் தட்டுகள் முழுதாகப் பிரியாது. ஸ்பானரோடு பத்து நிமிட வேலை. அதற்காக ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், தட்டு வழுக்கித் தேய்ந்துவிடும்.

அதன்பிறகு ஞாயிறு காலைகளில் காலி கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. முதலில் த்ராட்டலை, அதாவது ஆக்சிலரேட்டரை, தொடவே இல்லை. எஞ்சின் சத்தம் தாழ்கிற இடம் வரை கிளட்சை மெல்ல விட்டு, அங்கேயே பிடித்து, நடை வேகத்தில் போனேன். அப்புறம்தான் த்ராட்டல், அதுவும் லேசாக முறுக்கி அசையாமல் வைத்துக்கொண்டு. மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தினால் வண்டி துள்ளாது. மணிக்கட்டைத் தாழ்த்திப் பிடியுங்கள், இல்லையென்றால் குழியில் குலுங்கும்போது த்ராட்டல் தானாகத் திறந்துகொள்ளும்.

போன ஞாயிறு தங்கையை ஏற்றிக்கொண்டு ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலை வழியாகப் பாலிக் பூலாவ் போனேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு கியருக்கும் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடிக்கும். இந்த முறை மொத்தமே நான்கு இடி. நான்கும் இரண்டாவதுக்கு இறக்கியபோது. அங்கே கிளட்சை விடுவதற்கு முன் த்ராட்டலைச் சற்றே தொட்டுக்கொடுக்க வேண்டும். இந்த வாரம் அதைத்தான் பழகுகிறேன்.