டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை, கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். துணியில் ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் முதலாளிகள், வெப்சைட் என்றதும் "அதெல்லாம் நீங்களே பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிவிடுகிறார்கள். என்மேல் வைக்கும் நம்பிக்கை சந்தோஷம்தான். ஆனாலும் அப்படி விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். சில சொற்களாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் டொமைன். கம்பெனி பெயருக்குப் பின்னால் டாட் காம், டாட் இன் என்று வருகிறதே, அந்த முகவரி. இதை ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. ரிஜிஸ்ட்ரார் எனப்படும் டொமைன் பதிவு நிறுவனம் ஒன்றில் வருடக் கணக்கில் பதிவு செய்கிறோம். டாட் காம் என்றால் அதிகபட்சம் 10 வருடத்துக்குச் சேர்த்துக் கட்டலாம். கெடு முடிந்ததும் புதுப்பிக்கக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டி ரிஜிஸ்ட்ரார் நீக்கிவிட்டால், மீட்க 30 நாள் இருக்கிறது. அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கட்டணம். அதற்குப் பிறகு 5 நாள். அவ்வளவுதான், அந்தப் பெயரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் ஏற்றுமதியாளருக்கு இதுதான் நடந்தது. சைட் செய்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயில் ஐடி கொடுத்துப் பதிந்திருந்தார். பிறகு தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போயின. சைட் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெயில் நின்றதுதான் பெரிய அடி. வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குபவர், அனுப்பிய மெயில்கள் திரும்பிப் போயின. சாம்பிள் அப்ரூவல் வரவில்லை என்று இவர் காத்திருக்க, பதில் இல்லையே என்று பையர் அங்கே காத்திருந்தார்.

சைட் போனால் மெயில் ஏன் போக வேண்டும்? இரண்டும் ஒன்றல்ல. இன்டர்நெட் என்பது கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலை. மெயில் அதன் முன்னோடி வலையில் 1970களின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. பக்கங்களை லிங்க் போட்டு இணைக்கும் வெப், டிம் பெர்னர்ஸ் லீ ஜெனிவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989ல் முன்வைத்த யோசனை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது டிஎன்எஸ். இன்டர்நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று ஐபி என்னும் எண்ணை வைத்துத்தான் தேடிப்போகும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்வது டிஎன்எஸ் வேலை. பால் மொகபெட்ரிஸ் 1983ல் இதை வடிவமைப்பதற்கு முன்பு, எல்லாப் பெயர்களும் அமெரிக்காவில் ஒரே ஃபைலில் இருந்தன. மற்றவர்கள் அதை இறக்கி வைத்துக்கொள்வார்கள். இன்று உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் 'ஏ ரெக்கார்டு' சைட் எங்கே இருக்கிறது என்று சொல்லும், 'எம்எக்ஸ் ரெக்கார்டு' மெயிலை எங்கே கொண்டுசேர்ப்பது என்று சொல்லும். டொமைன் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஹோஸ்டிங் வேறு. உங்கள் பக்கங்களும் போட்டோக்களும் இருக்கும் சர்வரில், அதாவது எப்போதும் இன்டர்நெட்டில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரில், இடத்துக்குக் கொடுக்கும் வாடகை அது. டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரே இடத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஹோஸ்டிங் பிடிக்கவில்லையா, டொமைனை அப்படியே வைத்துக்கொண்டு வேறு சர்வருக்கு மாறலாம். பேக்கப் நகல் கையில் இருந்தால் ஹோஸ்டிங் போனாலும் சைட்டைத் திரும்ப ஏற்றிவிடலாம். டொமைன் கைமாறிவிட்டால் அப்படித் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் டொமைனைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பக்கத்தின் உள்ளே இருப்பவை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று சொல்வது எச்டிஎம்எல். நெய்த துணி என்று வையுங்கள். நிறமும் பிரிண்டும் சிஎஸ்எஸ். ஒழுங்காகச் செய்த சைட்டில் எல்லாப் பக்கத் தலைப்பின் நிறத்தையும் சிஎஸ்எஸ்ஸில் ஓரிடத்தில் மாற்றினால் போதும், அதற்குப் பெரிய தொகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட், பட்டனை அழுத்தினால் படம் மாறுவது போன்ற அசைவுகளுக்கு. ரெஸ்பான்சிவ் என்றால் போனிலும் கம்ப்யூட்டரிலும் திரைக்கு ஏற்றபடி பக்கம் தன்னை அமைத்துக்கொள்வது. இதை உங்கள் போனிலேயே திறந்து பார்த்துவிடலாம்.

தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் கேட்க வேண்டிய சொல் யூடிஎஃப்-8. தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் முறை இது.  பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்காமல் விட்டால், தமிழ் வரவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத குறிகளாக வந்து நிற்கலாம். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைனும் உண்டு. உள்ளூர்க் கடைக்கு அழகாக இருக்கும். ஐரோப்பாவில் இருக்கும் பையர் அதைத் தட்டச்சு செய்ய முடியாது, அதனால் ஏற்றுமதியாளர்களுக்கு நான் சொல்வதில்லை.

சைட் முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். எதிரே இருப்பவர் நேர்மையானவர் என்று அது சொல்லாது. பையர் பெயரில் போலி சைட் செய்கிறவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சைட் செய்தவரிடம் ரிஜிஸ்ட்ரார் எது, கணக்கு யார் மெயிலில் இருக்கிறது, கெடு தேதி என்ன என்று கேளுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். அதே ரிஜிஸ்ட்ராரில் உங்களுக்கென்று ஒரு கணக்கு திறந்து அதற்கு மாற்றுவது பொதுவாக எளிது. வேறு ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோவதானால் 'ஆத் கோட்' என்ற ரகசியக் குறியீட்டை அவர் எடுத்துத் தர வேண்டும். பதிந்து 60 நாள் ஆகாத டொமைன் என்றால் அதுவரை வெளியே மாற்ற விடமாட்டார்கள், காத்திருங்கள்.