குடையை மட்டும் விட்டுவிடு

பெரியப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். 'வேலையில் முதல் நாள்' பற்றி ஆளுக்கு 300 சொல். பெரியப்பா 900 சொல் எழுதிவிட்டு, "லேசா சுருக்கிக் கொடு" என்று என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்துச் 'சுருக்கி வரைக' கேள்விக்கும் இதே மூன்றில் ஒரு பங்கு கணக்குதான். என்ன, அங்கே எழுதியவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

எடுத்த எடுப்பில் பென்சிலோடு உட்கார்ந்தால் முதல் பத்தியைத் தாண்ட முடியாது. அதனால் முழுசாகப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்து, மனதில் நின்றதை மட்டும் எழுதினேன்: வேலைக்குச் சேர்ந்தார், வேறொரு பிரிவில் போய் உட்கார்ந்தார், மதியம் வரை யாருமே கண்டுபிடிக்கவில்லை. அருமையான கதை! ஆனால் ஆறாவது பத்தி வரை பெரியப்பா அலுவலகத்துக்குள் காலே வைக்கவில்லை. அதுவரை எல்லாம் குடை. அண்ணனிடம் கடன் வாங்கிய குடை, உடைந்த கம்பி, அதற்குப் போட்ட கட்டு.

"அன்னைக்கு மழையா பெரியப்பா?"

"இல்லையே."

"அப்புறம் குடை எதுக்கு?"

"கையில இருந்ததே!"

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' இதுதான் என்றேன். "அந்தப் பட்டியல்ல முதல் குற்றமே குன்றக் கூறல், தேவையைவிடக் குறைச்சுச் சொல்றது. அதையும் பார்த்துக்கோ" என்றார். தமிழ் படித்த பெரியப்பாவிடம் இலக்கணம் பேசியிருக்கக் கூடாதுதான்.

உவமைகள் போயின. ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொன்ன இடங்களில் ஒன்று போயிற்று. பெரிய லாபம் உரையாடலில்தான். 'அதிகாரி என்னைப் பார்த்து, தம்பி, நீங்கள் யார், எந்தப் பிரிவு, யார் உங்களை இங்கே உட்காரச் சொன்னது என்று கேட்டார்' என்பதை 'அதிகாரி என்னை விசாரித்தார்' என்று மாற்றினால் 15 சொல் 3 ஆகிவிடுகிறது. பெரியப்பாவுக்கு அந்த அதிகாரியின் குரல் போய்விட்டதே என்று வருத்தம். வருத்தம் நியாயமானதுதான், ஆனால் இடம் இல்லை. வாக்கியங்களை வெறுமனே அடித்துக்கொண்டே போனாலும் ஆபத்து: ஓரிடத்தில் 'அதனால் எழுந்து நின்றேன்' என்று மட்டும் மிஞ்சியது. எதனால் என்பது குடையோடு போய்விட்டிருந்தது. அந்தப் பத்தியையே என் சொற்களில் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

340 வரை வந்தது. "மீதி நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போனவர், மறுநாள் சரியாக 300 சொல்லோடு வந்தார். ஒரு வாக்கியம்கூடக் குறையவில்லை! 'பார்த்து கொண்டு இருந்தேன்' என்பது 'பார்த்துக்கொண்டிருந்தேன்' ஆகியிருந்தது. சரி, அது முறையும்கூட. ஆனால் 'அவரென்னையழைத்தமர்த்தினார்' என்றும் ஒன்று இருந்தது. கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல் எண்ணுகிறது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

சேர்த்ததை எல்லாம் பிரித்து, மறுபடி குறைத்து, ஒருவழியாக முடித்தோம். குடை அறவே இல்லை. இனி தலைப்புதான் பாக்கி.

"தலைப்பு சொற்கணக்குல சேருமா?"

"சேராது பெரியப்பா."

பேனாவை வாங்கினார். 'மழையே இல்லாத ஒரு காலையில், அண்ணனிடம் கடன் வாங்கிய, கம்பி உடைந்து நூலால் கட்டுப்போட்ட கறுப்புக் குடையோடு நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்.'