கௌஸ்தாதொப்பன் ஏற வெளிக்கிடுமுன்

நோர்வேயில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே விளங்கிவிடும், திங்கட்கிழமைக் கோப்பி நேரத்தில் கதை பெரும்பாலும் மலையைப் பற்றித்தான் போகும். அந்தக் கதையில் நாமும் சேர்ந்துகொள்ள, முதற் பெரிய மலையாகத் தெலமார்க் மாவட்டத்தில் உள்ள கௌஸ்தாதொப்பனைத்தான் சொல்லுவேன். உயரம் 1883 மீற்றர். ஒஸ்லோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வானம் தெளிந்திருந்தால் நோர்வேப் பெருநிலத்தின் ஆறில் ஒரு பங்கு உச்சியிலிருந்து தெரியும் என்பார்கள்.

நடை ஸ்தாவ்ஸ்ரூ வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கும். அந்த இடமே ஏறக்குறைய 1170 மீற்றரில் இருப்பதால் ஏறவேண்டியது 700 மீற்றர்தான். தூரமும் ஒரு வழிக்கு நாலரைக் கிலோமீற்றருக்குள். இந்தக் கணக்கை மட்டும் பார்த்து, ஒஸ்லோக் காட்டில் நடக்கிற மாதிரி நினைத்து வருகிறவர்கள் பாதியில் களைத்துப் போகிறார்கள். தொடக்கம்தான் இலகு. மேலே போகப் போகப் பாதை முழுக்கக் கல், சில கற்கள் மிதித்ததும் ஆடும். ஏற இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம் வையுங்கள். பிள்ளைகளோடு போனால் முழு நாளையும் ஒதுக்குங்கள். கற்களில் சிவப்பு மையில் 'T' எழுத்துப் போட்டிருக்கும். அடுத்த குறி கண்ணில் படாவிட்டால், கடைசியாகக் கண்ட குறிக்கே திரும்பி வந்து நின்று தேடுங்கள்.

நல்ல காலம் யூன் கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை. யூன் கடைசியிலும் பனித்திட்டுகள் மிஞ்சியிருக்கலாம். விடுமுறை நாட்களில் தரிப்பிடம் வெள்ளனவே நிரம்பிவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்னரே அங்கே நில்லுங்கள்.

உடுப்பில்தான் நம்மவர்கள் அதிகம் பிழைவிடுகிறார்கள். ஜீன்ஸும் பருத்திச் சேட்டும் வேண்டவே வேண்டாம். ஏறும்போது வேர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே காற்று அடித்ததும் உடம்பு விறைக்கும். 700 மீற்றர் ஏறினால் வெப்பநிலை நாலைந்து பாகை குறையும். காற்றும் சேர்ந்தால் யூலையிலும் கை மரத்துப்போகும். ஆகவே உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் பிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத யக்கற். தொப்பியும் கையுறையும் பையில் கட்டாயம் இருக்கட்டும். வேர்க்கத் தொடங்கும்போதே ஒன்றைக் கழற்றுங்கள், நின்று இளைப்பாறும்போது உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

சப்பாத்து கணுக்காலை மூடியதாக இருக்கவேண்டும். புதுச் சப்பாத்தை முதன்முதல் இந்த மலையில் போடாதீர்கள், வீட்டுக்குக் கிட்டவுள்ள காட்டில் சில தரமாவது நடந்து பழக்கியெடுங்கள். கால் நகத்தை முதல்நாளே வெட்டுங்கள். இறங்கத் தொடங்குமுன் கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டினால் பெருவிரல் முன்னுக்குப் போய் முட்டாது. குதிக்காலில் சூடு தெரிந்த உடனே பிளாஸ்ரர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பெரிதாகப் பயனில்லை.

ஒருவருக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தேர்மோசில் தேத்தண்ணி. சோறும் கறியும் இங்கே சரிவராது. கையுறையோடு காற்றில் நின்று சாப்பிடக்கூடியது வேண்டும்: ரோல்ஸ், சம்பல் வைத்த பாண், பேரீச்சம்பழம், சொக்லேற். இருக்கக் கல்லுத்தான் கிடைக்கும், குளிர் ஏறாமலிருக்க ஒரு சிறு மெத்தைத் துண்டும் கொண்டுபோங்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே கற்குடில் ஒன்று உண்டு, பருவகாலத்தில் வாபிள் கிடைக்கும். பலர் அதோடு நின்றுவிடுவார்கள். உண்மையான உச்சி அதற்கும் அப்பால், பெரிய கற்கள் அடுக்கிய ஒடுங்கிய முகட்டின் முனையில் இருக்கிறது. கல் ஈரமாக இருந்தாலோ, காற்று ஆளைத் தள்ளினாலோ அதில் கால் வைக்காதீர்கள். நேரத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்று நோர்வேயின் மலைநடை விதிகளே சொல்கின்றன, நோர்வேக்காரரும் அப்படித்தான் திரும்புகிறார்கள். விபத்தென்றால் 112 (பொலிஸ்) அல்லது 113 (அம்புலன்ஸ்) அழையுங்கள். மலையில் தேடி மீட்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள், அதற்குப் பயந்து அழைக்கத் தயங்கவேண்டாம்.

மேலிருந்து வடமேற்கே பார்த்தால் ஹர்டாங்கர்வித்தா மேட்டுநிலம் தட்டையாக விரிந்து கிடக்கும். நேர்கீழே ஆழத்தில் ரியூகான் பட்டணம். பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழமும் ஒடுக்கமும் என்பதால் செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே நேர்வெயில் விழாது. அதற்காக 2013இல் எதிர்ப்பக்க மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்திப் பட்டணச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

எதிரே வருகிற எல்லோருக்கும் 'ஹெய்' சொல்லுங்கள், அதுதான் மலை வழக்கம். நாய்க்குப் பயந்த பிள்ளைகள் இருந்தால் ஒரு நல்ல செய்தி: ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாயைக் கட்டியே கொண்டுபோகவேண்டும் என்பது சட்டம்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடை நடுங்கும், கவனம் குறையும். சின்ன அடியாக எடுத்து வையுங்கள், ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்கால் தப்பும்.

ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவையும் விட்டுவிடத் தேவையில்லை. மலையின் உள்ளே ஒரு ரயில் ஓடுகிறது. பனிப்போர்க் காலத்தில் இராணுவத் தொடர்பு நிலையத்துக்காகக் குடைந்த பாதை அது. கால் மணி நேரத்தில் மேலே கொண்டுபோய் விடும். ஓடும் நாளையும் நேரத்தையும் பார்த்து முன்கூட்டியே ரிக்கற் எடுத்து, தடித்த யக்கற் போட்டு அவர்களை ஏற்றிவிடுங்கள். நீங்கள் நடந்து வந்து சேரும்வரை குடிலுக்குள் இருக்கலாம்.