லூவ்ரில் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்': தொப்பிகளிலிருந்து தொடங்குங்கள்

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக நுழைவுச்சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. அதற்கு முன் 22. அநியாய விலைதான். அவ்வளவு கொடுத்து உள்ளே போய், மோனாலிசாவைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவது அதைவிட அநியாயம். செவ்வாய் விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

மோனாலிசா சுவருக்குப் பின்பக்கமாக வெளியேறினால் டெனோன் கூடம். அதை ஒட்டி, சிவப்புச் சுவர்களோடு 700-ஆம் அறை. டெலக்ரோவா வரைந்த 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' அங்கேதான் இருக்கிறது.

உயரம் 2.60 மீட்டர், அகலம் 3.25. முதலில் ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். கீழே பிணங்கள், உச்சியில் கொடி என்று முக்கோணமாக எழும். அதே அறையில் இருக்கும் ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்' ஓவியத்திலும் இந்தக் கட்டமைப்புதான். அதில் ஓர் உருவத்துக்கு மாதிரியாக இருந்தவரே டெலக்ரோவாதான்!

பலரும் இதை 1789 பிரெஞ்சுப் புரட்சி என்று நினைத்துப் பார்க்கிறார்கள். தவறு. இது 1830 ஜூலை 27, 28, 29. மன்னர் பத்தாம் சார்லஸை விரட்டிய மூன்று நாட்கள். அவர் ஆட்சியில் வெள்ளைக் கொடிதான் அரசுக் கொடி. நீலம், வெள்ளை, சிவப்பு மூவண்ணக் கொடியைத் தூக்குவதே கலகம். வலப்பக்கம் நோத்ர்தாம் தேவாலயக் கோபுரத்தில் பொட்டளவு மூவண்ணம் பறக்கிறது. அதைத் தேடிப் பிடியுங்கள்.

பிறகு கிட்டே போய்த் தொப்பிகளைப் பாருங்கள். சிறுவனின் தலையில் மாணவர்கள் அணியும் கறுப்பு வெல்வெட் தொப்பி. தோளில் படைவீரனின் தோட்டாப் பை, அவன் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. வாளேந்திய தொழிலாளி தட்டைத் தொப்பியும் ஏப்ரனும் அணிந்திருக்கிறான். உயரத் தொப்பிக்காரரை ஓவியரே என்பார்கள். ஆதாரம் இல்லை, நம்பாதீர்கள். தொப்பியும் கோட்டும் கனவான் உடை. ஆனால் இடுப்பைப் பாருங்கள்: கைவினைஞர் கட்டும் சிவப்புத் துணி, தொளதொளத்த கால்சட்டை. கையில் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. ஒரே ஆளுக்குள் இரண்டு வர்க்கத்தை வைத்துவிட்டார்!

நடுவில் கொடியேந்தி நிற்கும் பெண்தான் சுதந்திரம். அவள் தலையில் சிவப்புக் குல்லா. ரோமில் விடுதலையான அடிமையின் அடையாளமாக இருந்து, பிரெஞ்சுப் புரட்சியின் சின்னமாக ஆனது. அவள் அக்குள் முடியைப் பார்த்து 1831 கண்காட்சியில் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் இந்த ஓவியத்தின் உயிர்: பளிங்குச் சிலையாக இல்லாமல், வியர்க்கும் உடம்போடு சுதந்திரம் வருகிறது. அரசு 3,000 ஃபிராங்குக்கு வாங்கி, சில மாதம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிட்டது. கலகச் சின்னத்தைச் சுவரில் மாட்டிவைக்கப் புதிய மன்னருக்கு எப்படி மனம் வரும்? லூவ்ருக்கு வந்தது 1874-இல்தான்.

பழைய புத்தகப் படங்களை நம்பிப் போகாதீர்கள். மஞ்சளேறிய வார்னிஷ் அடுக்குகளை எடுத்துவிட்டு 2024 மே மாதம் மறுபடி மாட்டினார்கள். முழு மஞ்சளாகத் தெரிந்த அவள் உடை உண்மையில் வெளிர் சாம்பல். அதன்மேல் மஞ்சள் தீற்றல்கள். இப்போது வானமும் புகையும் பிரிந்து தெரிகின்றன. அவள் காலடியில் தலைதூக்கிப் பார்ப்பவனின் நீலச் சட்டை, வெள்ளை உள்சட்டை, சிவப்பு இடுப்புத் துணி மூன்றும் சேர்ந்து அவள் கையிலுள்ள கொடியாகவே நிற்கின்றன.

முடித்ததும் மெட்ரோ 1-ஆம் தடத்தில் நேரே பாஸ்டீய் போங்கள், 1789-இல் மக்கள் தாக்கிய சிறை இருந்த இடம். சதுக்கத்தின் நடுவே நிற்கும் தூணும் 1789-க்கானது அல்ல. 1830 ஜூலையில் மடிந்தவர்களின் பெயர்கள் அதில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. அவர்கள் எலும்புகள் அடியில். கீழே நின்று படிக்கக் காசு வேண்டாம்.