கழன்ற சக்கரத்துக்கு அப்பால்

இழுவை வண்டியில் வந்து இறங்கியது அந்த ஃபோர் வீல் டிரைவ். பின்பக்க இடது சக்கரம் தனியாக வண்டிக்குள் கிடந்தது. "ஸ்டட், நட் புதிதாகப் போட்டுச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிடுங்கள், மாலையில் கிளம்ப வேண்டும்" என்றார் உரிமையாளர். ஸ்டட் என்பது சக்கரத்தைப் பிடித்திருக்கும் மரையாணி.

முடியாது என்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே வேலையை நான் அப்படித்தான் முடித்து அனுப்பினேன். மூன்றே வாரத்தில், ஆக்சில் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் பிரேக் ஷூவில் ஏறி, ஒரு பக்கம் பிரேக் பிடிக்காமல் அந்த வண்டி திரும்பி வந்தது. ஒரு குடும்பம் அதில் பயணம் செய்துகொண்டிருந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆறு ஸ்டட்டில் நான்கு முறிந்திருந்தன. முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பாக மங்கிக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் புதிய பளபளப்போடு சொரசொரப்பு. ஒரே அடியில் முறிந்ததல்ல அது. நட் தளர்ந்து, சக்கரம் ஆடி ஆடி, விரிசல் கொஞ்சங்கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. கேட்டபோது, இரண்டு நாளாகப் பின்னால் 'தடக் தடக்' என்று சத்தம் வந்ததாகச் சொன்னார். ரிம்மின் துளைகளும் முட்டை வடிவில் விரிந்திருந்தன. அந்த ரிம் இனி ஆகாது.

சக்கரம் போனதும் வண்டியின் எடை பிரேக் டிரம்மின் விளிம்பில் இறங்குகிறது. இந்த வகைப் பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுதான் எடையையும் தாங்குகிறது. ஆகவே விழுந்த அடி டிரம்மோடு நிற்பதில்லை. தண்டு முனையில் சக்கரம் பொருந்தும் வட்டத் தட்டான பிளேஞ்ச், பேரிங், தண்டைச் சுற்றியுள்ள ஹவுசிங் குழாய் என்று உள்ளே இறங்குகிறது. டிரம்மைக் கழற்றி, பிளேஞ்சின் முகத்தில், சிறு கோணலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துத் தண்டை மெல்லச் சுற்றினேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்த பிளேஞ்சில் முள் அரை மில்லிமீட்டருக்கு மேல் போய்வந்தது. அங்கே கோணல் இருந்தது.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது மனம் ஒப்பாத காரியம். தண்டு வளைந்திருந்தால் கோணல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். ஹவுசிங் வளைந்திருந்தால் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சாய்வு ஒரே திசையில் நிற்கும். தண்டை மட்டும் மாற்றினால் இரண்டாவது கோணல் அப்படியே இருந்து புதிய பேரிங்கையும் தின்றுவிடும்.

தண்டு, பேரிங், சீல் மூன்றையும் மாற்றினேன். ஸ்டட் ஆறும் புதிது. முறியாத இரண்டும் அதே பாரத்தைத் தாங்கியவைதானே. புதிய ரிம்மை மாட்டியபின் இரு பின் டயர்களிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை முன்புறம் அளந்தேன். சக்கரங்கள் அரைச் சுற்றுப் போகுமளவு வண்டியை உருட்டி, அதே குறிகளைப் பின்புறம் அளந்தேன். வித்தியாசம் இல்லை. ரிம் ஓரமாகத் தூக்குக்குண்டு விட்டும் பார்த்தேன். ஹவுசிங் தப்பியிருந்தது.

வண்டியை மறுநாள் மாலைதான் கொடுத்தேன். 100 கி.மீ. ஓடியதும் வரச் சொன்னேன், வந்தார். நட்டின் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை வைத்தபோது ஐந்து நட்டுகள் அசையவில்லை. ஆறாவது சற்றுத் திரும்பியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், அடுத்த வாரமும் கொண்டுவருவதாகத் தாமாகவே சொன்னார்.