செங்கோட்டை நாட்குறிப்பு: ஜூன், ஜூலை

ஜூன் 9, 2025 – திங்கள்

திருவனந்தபுரம். ஆஸ்பத்திரியில் நான்காவது நாள். அப்பா தூங்குகிறார். லேப்டாப் மடியில் திறந்தே இருக்கிறது. போன திங்கள் முதல் என் கன்சல்டிங் கம்பெனியில் நான் ‘பெஞ்சில்’ இருக்கிறேன், அதாவது ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை கையில் வேலை ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுகிறது. அதற்காகவே அடிக்கடி மவுஸை நகர்த்துகிறேன்.

ஜூன் 10 – செவ்வாய்

அப்பா எழுந்து நின்றார். வாக்கரைப் பிடித்தபடி, இரண்டு நிமிடம்.

ஜூன் 12 – வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தென்மலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவு வரை டிரைவர் ரொம்ப மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அப்பா என் கையை இறுக்கினாரே தவிர வாய் திறக்கவில்லை. எதிரே ஒரு மர லாரி வந்தபோது மட்டும் தலையைத் தூக்கி, “தேக்கு” என்றார். அறுபத்தாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும்போதும் மர லாரி போனால் பார்க்கத்தான் செய்கிறார்.

ஜூன் 13 – வெள்ளி

வெள்ளிக்கிழமை டைம்ஷீட்: இந்த வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி என்ற கணக்கு. மூன்று நாள் லீவு, மிச்சம் 16 மணி நேரம் பெஞ்ச் கணக்கில். பொத்தானை அழுத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் பழைய வாரங்களைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். 45, 45, 45, 45. கடைசி ப்ராஜெக்ட்டின் பதினொரு வாரத்துக்கும் அதே எண்.

ஜூன் 15 – ஞாயிறு

தூக்கம் வரவில்லை. சென்ட் ஃபோல்டரைத் திறந்து, கடைசி ப்ராஜெக்ட்டில் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு முதல் மெயில் போயிருக்கிறது, எத்தனை மணிக்குக் கடைசி மெயில் போயிருக்கிறது என்று குறிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தேன். சும்மா இருந்த நேரம் என்று தோன்றியதையும் தாராளமாகக் கழித்தேன். அப்படியும் 742 மணி நேரம் வருகிறது. டைம்ஷீட்டில் இருப்பது 495. நான் உழைத்ததில் மூன்றில் ஒரு பங்கு எங்கேயும் இல்லை.

முதல் வாரம் 68 என்று போட்டிருந்தேன். மேனேஜர் கூப்பிட்டார். கோபப்படவே இல்லை, அன்பாகத்தான் பேசினார். “பட்ஜெட் 45தான். இந்த வாரத்தைத் திருத்திடு, நாம எல்லாரும் அப்படித்தான் செஞ்சு வந்தோம்” என்றார். திருத்தினேன். அவரையும் எனக்குப் புரிகிறது. ப்ராஜெக்ட்டை கிளையன்ட்டுக்கு விற்றது எங்கள் கம்பெனியின் பார்ட்னர். வேறு இரண்டு கம்பெனிகளோடு போட்டி போட்டு, மொத்தமாக ஒரு தொகை பேசி வாங்கினார். அந்தத் தொகைக்குள் அடங்கும்படி ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இத்தனை மணி என்று பிரித்தார்கள். நான் கூடுதலாக ஒரு மணி எழுதினால் லாப மார்ஜின் குறையும். குறைந்தால் கேள்வி மேனேஜரிடம்தான் வரும். அதனால் அந்த மணி என் தலையில்.

இதில் எனக்கு நெஞ்சடைப்பது பணமில்லை, சம்பளம் எப்படியும் அதேதான். அடுத்த முறை இதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட் வந்தால் பழைய கணக்கைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் 45 என்று இருக்கும். 45 மணி நேரத்தில் முடிகிற வேலைதானே என்று இன்னும் குறைத்து விற்பார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஸ்லைடில் அம்புக்குறிகளை நேராக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த ராத்திரியை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மணி 3:10.

ஜூன் 18 – புதன்

டிசிஎஸ்ஸில் புது விதி என்று கல்லூரி குரூப் முழுக்க ஒரே பேச்சு. ஜூன் 12 முதல் நடைமுறை. வருடத்தில் 225 வேலை நாளாவது கிளையன்ட்டுக்கு பில் போடும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. எங்கள் இடத்தில் இப்படி எழுதி வைத்த எண் எதுவும் இல்லை. இல்லாததே பயமாக இருக்கிறது. எனக்கு இன்று பெஞ்சில் 13-வது வேலை நாள்.

ஜூன் 20 – வெள்ளி

40 மணி. பெஞ்ச் கணக்கில்.

ஜூன் 22 – ஞாயிறு

நாள் முழுக்கச் சாரல். குற்றாலத்தில் நல்ல கூட்டம் என்று பால்காரர் சொன்னார். அப்பா ஹாலில் கட்டிலோடு கிடக்கிறார், ஜன்னல் வழியாக வாசல் தெரிகிற மாதிரி. மர மில்லில் இருந்து அவருடைய பழைய நோட்டுகளை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் அந்த மில்லில் கணக்கு எழுதியவர். ஒவ்வொரு தடிக்கும் ஒரு வரி: நீளம், சுற்றளவு, கன அடி.

எப்படிக் கணக்குப் பண்ணுவீங்க என்று கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டிருக்க வேண்டியது, இன்றைக்குத்தான் கேட்டேன். தடியின் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். வருகிற இஞ்சை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 60 இஞ்ச் சுற்றளவு, 12 அடி நீளம் என்றால் பதினெட்டே முக்கால் கன அடி. நான் போனில் உருளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையில் அந்தத் தடியில் கிட்டத்தட்ட 24 கன அடி மரம் இருக்கிறது.

“அப்பா, அஞ்சு கன அடியைக் காணலியே?”

“காணாமப் போகலம்மா. அது கழிவு. தடி உருண்டை, பலகை சதுரம். பட்டை போகும், தூள் போகும். அந்தக் கணக்குலயே அதையும் சேத்துத்தான் கழிச்சிருக்கு.”

“அப்ப விக்கிறவருக்கு நஷ்டம்தானே?”

“தடி விக்கிற புனலூர்க்காரனுக்கும் அது தெரியும், நமக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரிஞ்சுதான் வெல பேசுதோம். தெரியாமக் கழிச்சாத்தான் அது களவு.”

அதற்குள் வலி வந்துவிட்டது. மாத்திரை கொடுத்தேன். தூங்கிவிட்டார்.

அதன் பிறகு அந்த ஐந்து கன அடி என் தலையை விட்டுப் போகவில்லை.

ஜூன் 24 – செவ்வாய்

அம்மா மறுபடியும் மத்தளம்பாறைப் பேச்சை எடுத்தாள். “ஏளா, சோஹோ இங்கதான இருக்கு. வீட்ல இருந்தே பஸ்ல போயிட்டு வரலாம்லா.” அது சாஃப்ட்வேர் கம்பெனி, என் வேலை வேறு என்றேன். என்ன வேலை என்றாள். ஏழு வருடமாக இதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பெனிக்குத் தன் வீட்டில் நடப்பதே சரியாகத் தெரியாதபோது, வெளியாளான நாங்கள் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டு, எண்களைச் சேர்த்து, இதைச் செய்யுங்கள் என்று சொல்கிறோம். இப்படித்தான் சொன்னேன். “அதுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்குமா?” என்றாள்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் வெறும் புலம்பலாகத் தெரியும். ஒரு குடோனில் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு, சரக்கு எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்த அன்று நான் அடைந்த சந்தோஷம் உண்மை.

ஜூன் 27 – வெள்ளி

40. பெஞ்ச்.

ஆபீசில் என்னைக் கவனிக்கும் கவுன்சலர் பேசினார். திங்கட்கிழமை ரேட்டிங் கூட்டம். எங்களில் யாரும் அதில் இருக்க மாட்டோம். கவுன்சலர்கள் தங்கள் ஆட்களுக்காகப் பேசுவார்கள், ஒரு ஆளுக்குச் சில நிமிடம். என் யூட்டிலைசேஷன், அதாவது கிளையன்ட் வேலை என்று கணக்கில் வந்த நேரம், 71 சதவீதம், அதுதான் இடிக்கும் என்றார். எழுதாத 247 மணி நேரத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும், “வேற ஏதாவது இருக்கா?” என்றார். இல்லை என்றேன்.

ஏன் இல்லை என்றேன்?

ஜூலை 1 – செவ்வாய்

அப்பா வாக்கரோடு அடுப்படி வரை போய் வந்தார். 22 அடி. எண்ணியது அவரேதான்.

சாயங்காலம் பொதிகை ரயில் கிளம்பும் ஹாரன் கேட்டபோது, “ஒங்க தொழில யாரும்மா ஆரம்பிச்சா?” என்று கேட்டார். இந்தத் தொழிலில் பெரிய பெயர் மெக்கின்சி, 1926-ல் சிகாகோவில் ஆரம்பித்தது, ஆரம்பித்தவர் அங்கே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர் என்று சொன்னேன். “அப்ப கணக்குப்பிள்ளைதான்” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஜூலை 3 – வியாழன்

பதவி உயர்வு இல்லை. “எதிர்பார்த்த அளவில் இருக்கிறார்.” காரணம் யூட்டிலைசேஷன்.

மாடியில் போய் நின்றேன். கேரளப் பக்கம் மலையே தெரியவில்லை, முழுக்க மேகம்.

ஜூலை 4 – வெள்ளி

40.

ஜூலை 6 – ஞாயிறு

அத்தான் பிரானூர் பார்டருக்குப் போய்க் கோழியும் பரோட்டாவும் வாங்கி வந்தார். அப்பா இரண்டு பரோட்டா சாப்பிட்டார். வேறு எதையும் நினைக்காத நாள்.

ஜூலை 10 – வியாழன்

29-வது வேலை நாள். ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது. போனை வைத்ததும் அழுதுவிட்டேன், அம்மா பயந்துபோனாள். திங்கட்கிழமை ஆரம்பம். மூன்று வாரம் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அப்புறம் சென்னை. வேறு மேனேஜர். வாரத்துக்கு 45.

ஜூலை 17 – வியாழன்

ஆடி முதல் நாள். காற்று மாடிக் கதவை அடித்துக்கொண்டே இருக்கிறது. மழையில் நெட் இரண்டு தடவை போய்விட்டது, போன் ஹாட்ஸ்பாட்டில் கிளையன்ட் கால். நேற்று படுக்கும்போது மணி 1:40. அப்பா இருட்டிலேயே, “இன்னும் முடியலியாம்மா?” என்றார். அவரும் அதுவரை தூங்காமல் கிடந்திருக்கிறார்.

ஜூலை 18 – வெள்ளி

61 மணி நேரம். 45 என்று போட்டேன். எண்ணை அடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 20 – ஞாயிறு

என் மேலேயே கோபம். அப்பா முப்பத்தொரு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மறைத்துத் திருத்தியதில்லை. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். தப்பு வந்த இடங்களில் மேலே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறார். பழைய எண்ணும் தெரிகிறது.

ஜூலை 22 – செவ்வாய்

அப்பா வாசல் வரை போனார்.

ஜூலை 25 – வெள்ளி

63 மணி நேரம். 63 என்று போட்டேன். குறிப்புக் கட்டத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று பிரித்து எழுதினேன். டேட்டா சரிபார்த்தது 19, பேட்டிகள் 14, ஸ்லைடு 22, கால்கள் 8. அனுப்பியதும் கை நடுங்கியது.

ஜூலை 26 – சனி

காலை 9:12-க்கு மேனேஜரிடமிருந்து செய்தி. “டைம்ஷீட் பார்த்தேன். திங்கள் 10:30-க்குப் பேசலாமா?” வேறு ஒன்றும் இல்லை. சரி என்று அனுப்பினேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 27 – ஞாயிறு

டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போகிறதாம், மொத்த ஆட்களில் சுமார் 2 சதவீதம். அம்மா டிவியைப் பார்த்துவிட்டு, “இது ஒங்க ஆபீசாளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். டைம்ஷீட் என்றால் என்ன, 45 என்றால் என்ன, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில் ஒன்று மட்டும் கேட்டார்: “பிரிச்சு எழுதிருக்கியா?” எழுதியிருக்கிறேன் என்றேன்.

ஜூலை 28 – திங்கள்

10:20. மழை இல்லை, நெட் நன்றாக இருக்கிறது. அந்த 742 மணி நேரக் கணக்கையும் திறந்து வைத்திருக்கிறேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறார். கூப்பிடுகிறார்கள்